திருவண்ணாமலைக் கோபுரங்களும் சாரத்தில் நின்றோரும்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் கிழக்கு இராஜகோபுரம் விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயரால் 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கப்பட்டு, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் நிறைவுற்றது என்பதும், பதினொரு நிலைகளுடன் 217 அடி உயரமுடையது என்பதும் தல வரலாறுகள் தவறாமல் கூறும் செய்திகள். அவ்வுயரத்தில் செங்கல் அடுக்கியவர்களைப் பற்றி அவை பேசுவதில்லை. கல்வெட்டு மரபு கட்டுவித்தவரையும் கொடையளித்தவரையும் போற்றுவது; ஆகவே கட்டியவர்கள் பட்ட பாட்டைக் கட்டுமான முறையிலிருந்தே உணர வேண்டியுள்ளது.

இத்தகைய கோபுரங்களின் அடிப்பகுதி கருங்கல்லாலும் மேல்நிலைகள் செங்கல், சுண்ணாம்புக் காரை, சுதை ஆகியவற்றாலும் ஆனவை. கருங்கல்லைக் கொத்தும்போது எழும் நுண்ணிய தூசியில் சிலிக்கா என்னும் மணற்சத்து உண்டு. அது ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் படிந்து தழும்பாக இறுகி மூச்சைச் சுருக்குவதே சிலிக்கோசிஸ் நோய், இன்றும் பலமுறை காசநோய் என்றே தவறாகக் கருதப்படுவது. சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றி நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும். ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகக்கூடும். குடமுழுக்குத் திருப்பணிகளில் சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் பிணைத்துக் கட்டப்படும் சாரத்தின், அதாவது உயரத்தில் நின்று வேலை செய்வதற்கான தற்காலிகக் கட்டமைப்பின், உறுதி முழுவதும் முடிச்சுகளில் இருக்கிறது. மழையில் நனைந்து இறுகிய கயிறு வெயிலில் காய்ந்து தளரும் என்பதால், முடிச்சுகளை அடிக்கடி சோதிப்பது உயிர் காக்கும் வேலை.

இம்மாவட்டம் வீரமரணத்தை மறந்த நிலமன்று. செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல், எருமைகளைக் காத்து இறந்த வீரனோடு கோவிவன் என்ற அவனுடைய நாயின் பெயரையும் பொறித்துள்ளது. அத்தகைய நினைவுக்குக் கட்டடத் தொழிலாளியும் முழு உரிமையுடையவர்.

அவருக்கான சட்டப் பாதுகாப்பு மிகத் தாமதமாகவே வந்தது. 1982இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டபோதிலும், அதன்கீழ்க் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தொழிற்சங்கங்களின் நெடும் போராட்டத்துக்குப் பின் 1994இல்தான் அமைந்தது. 1996ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் சாரம், தலைக்கவசம், முதலுதவி ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. உடன் வந்த மற்றொரு சட்டம் நலநிதிக்காகக் கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டுக்குக் குறையாத வரியை விதித்தது. ஆயினும் மத்தியச் சட்டம் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் நிறுவனங்களுக்கே பொருந்தும்படி எழுதப்பட்டது. ஒரு மேஸ்திரி, இரண்டு கொத்தனார், மூன்று சித்தாள் என்ற அளவில் நடக்கும் வீட்டுப் பணிகள் அதன் வரம்புக்கு வெளியே நின்றன. பெரிய பணிகளும் விபத்துக்குத் தப்பவில்லை: 28.06.2014 அன்று சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தனர்.

வாரியம் தரும் உதவித்தொகை விபத்துக்குப் பின் குடும்பத்தின் கைக்கு வருவது; விழாமல் காப்பது வேலை கொடுப்பவரின் கடமை. ஆகவே தடுப்புக் கம்பி, இடுப்பு வார், முகக்கவசம் ஆகியவற்றின் செலவு ஒவ்வொரு மதிப்பீட்டிலும் தனியே எழுதப்பட வேண்டும். அந்த வழக்கத்தைக் கோயில் திருப்பணிக் குழுக்களே முதலில் தொடங்கிவைக்க வேண்டும்.