ஏட்டிலா? வீட்டிலா?

மறைந்துபோன வரலாற்றைத் தேட வேண்டிய இடம் ஏடா, வீடா? இதுதான் தலைப்பு. எதிரணி நண்பர் ஒரு மூட்டைப் புத்தகத்தோடு வந்து, 'ஏட்டில் இல்லாதது வரலாறே இல்லை' என்றார். நான் ஒரே ஒரு ரயில் பாதையோடு வந்திருக்கிறேன்! (சிரிப்பு)

1942. மலாயாவை ஜப்பான் பிடித்துவிட்டது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட ஆள் வேண்டும். ரப்பர் தோட்டத்துத் தமிழர்களிடம், 'கூலி உண்டு, அரிசி உண்டு, மூணு மாசத்துல திரும்பிடலாம்' என்றார்கள். ஆள் போதவில்லை. இலவச சினிமா என்று கூப்பிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்திப் பிடித்துப் போனதும் உண்டு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல், பெரும்பாலோர் நம்மவர்கள். வேண்டாம் என்று திரும்பிப் போக முடியாத வேலைக்கு என்னங்க பேரு? அடிமைத்தனம்தானே!

பசி, காலரா, அடி. 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது பல்லாயிரம் பேர் மண்ணுக்குள். உயிர் பிழைக்கக் காட்டுக்குள் ஓடியவர்களும் ஆயிரக்கணக்கில்.

இப்ப ஏட்டுக்கு வாங்க. அங்கே மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு. நல்லது, மரியாதை செய்யட்டும். நம்ம ஆளுக்கு? நடுகல் நட்டுக் கும்பிட்ட இனமய்யா இது! அந்த மண்ணில் நம்மவர்களுக்கு ஒரு நடுகல் எழுந்தது 2023இல். எண்பது வருஷம்!

சரி, தப்பியவன்? கணக்கில் 'ஓடிப்போனவன்'. அவ்வளவுதான், பெயர் கிடையாது. போர்க்களத்தை விட்டு ஓடினால் கோழை. விலங்கை உடைத்து ஓடினால்? வீரன்! ஏடு இரண்டு பேருக்கும் ஒரே சொல்லைத்தான் போட்டது. (கைதட்டல்)

எந்தக் காட்டில் ஒளிந்தான், யார் சோறு போட்டார்கள், வீடு திரும்பியபோது பெண்டாட்டிக்கு அடையாளம் தெரிந்ததா? அவன் வாய் திறந்தால்தானே தெரியும்! அதனால்தான் சிங்கப்பூர் ஆவணக் காப்பகத்தார் 1980களில் ஜப்பானிய ஆட்சிக்கால நினைவுகளை ஒலிநாடாவில் பதிந்தார்கள். ஏடு சொல்லாததை நாடா சொன்னது. நண்பரே, ஏடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டு வாசலில் நின்று கேட்காத ஏடு பாதி ஏடு!

அனுபவித்த தலைமுறை அநேகமாகப் போய்விட்டது. அவர்கள் மடியில் உட்கார்ந்து கேட்ட பிள்ளைகளுக்கே இப்போது எழுபது, எண்பது வயசு. மலாயாவிலிருந்தோ பர்மாவிலிருந்தோ திரும்பிய குடும்பம் உங்கள் தெருவிலும் இருக்கலாம். உங்கள் வீடாகவே இருக்கலாம். கள்ளிச்செடி தண்ணீர் ஊற்றாமலே நிற்கும். நினைவு அப்படி இல்லீங்க, கேட்டால்தான் நிற்கும். இந்த நிகழ்ச்சி முடிந்ததும் டி.வி.யை அணைத்துவிட்டு, பாட்டி பக்கத்தில் போய் உட்காருங்கள்.