கனிவிழாவும் காணி உரிமையும்

உழைப்பின் பயனை ஊரார் கூடி மகிழ்வதே விழாவாகும். நெல்லுக்குப் பொங்கல் எடுக்கும் தமிழ் மக்கள் கனிக்கும் விழா எடுக்கின்றனர். அவ்விழாக்களில் நம் முன்னோர் நின்ற இடம் யாது என்பதை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

காரைக்காலில் ஆண்டுதோறும் ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழா நடைபெறுகின்றது. வணிகன் பரமதத்தன் இல்லத்துக்கு அனுப்பிய இரு மாங்கனிகளுள் ஒன்றை, அவன் மனைவி புனிதவதியார் பசித்து வந்த அடியாருக்குப் படைத்த வரலாற்றைச் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பாடினார். அதன் நினைவாக, பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மக்கள் மாடிகளிலிருந்து மாங்கனிகளை இறைப்பர். இது பக்தி வழிப்பட்ட விழா. 1874-இல் உருவான குன்னூர் சிம்ஸ் பூங்காவில் நடைபெறும் பழக்கண்காட்சியும், கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியும் அரசு எடுப்பவை. நமக்கு அண்மையிலுள்ள குற்றாலத்திலோ, சாரல் காலத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்து, கடைவீதியே கனிவிழாவாகத் தோன்றும்.

இவற்றிலெல்லாம் கனி போற்றப்படுகின்றது. தோட்ட உரிமையாளர் பாராட்டப் பெறுகின்றார். குழி தோண்டியவர், நீர் சுமந்தவர், காவல் காத்தவர் ஆகியோரின் பெயரைக் காண்பது அரிது.

இதற்குக் காரணம் மரத்தின் இயல்பிலேயே உள்ளது. நெல் சில திங்களில் விளையும்; உழைத்தவருக்குக் களத்திலேயே கூலி அளக்கப்படும். ஒட்டு மாங்கன்று காய்க்கவோ மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும்; மங்குஸ்தான் காய்க்க ஏழு முதல் பத்து ஆண்டுகள் வரை ஆகும். அத்தனை ஆண்டுகள் தன் காலடி மண் தன்னுடையதே என்ற உறுதி உள்ளவன்தான் மரம் நடுவான்.

அவ்வுறுதி நம்மவர்க்கு இருந்ததா? புளியறை அடங்கிய செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1-இல்தான் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன் அது திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தது. அந்நாட்டில் அடிமைமுறை முற்றிலும் ஒழிக்கப்பட்டது 1855-இல்தான். ஆளே பிறர் உடைமையாக இருந்த நாட்டில், மரம் அவன் உடைமையாவது எங்ஙனம்? சென்னை மாகாணத்தில், செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1892-இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. வேற்றரசின் கீழிருந்த நம் பகுதி அதன் எல்லைக்கு வெளியே நின்றது. ஆணை செல்லுபடியான ஊர்களிலும், எழுத்தறியாமையால் பலர் அந்நிலங்களைப் பிறரிடம் இழந்தனர்.

நிலத்தைக் காக்கவும் எழுத்து வேண்டும் என்பதே வரலாறு தரும் பாடம். திருவிதாங்கூரில் 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கம் கண்ட அய்யன்காளி இதனை உணர்ந்திருந்தார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிடில் வயலில் இறங்கோம் என்று உழவுத் தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்யவைத்தார். கூலியினும் கல்வியை முன்வைத்தார்.

ஒருமுறை வகுப்பில், “உங்கள் வீட்டில் என்ன மரம் உண்டு?” என்று வினவினோம். ஒரு மாணவன் எழுந்து, “மரம் வைக்க இடம் இல்லை சார்” என்றான். நூல்களில் நாம் படித்தறிந்த வரலாறு அவ்வொரு விடையில் அடங்கியிருந்தது.

இளைஞர்களே! உங்கள் வீட்டு மனைப்பட்டாவை எடுத்துப் படித்துப் பாருங்கள். இல்லையெனில் மனு எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்கும் எழுதிக் கொடுங்கள். கிடைக்கும் ஒரு சென்ட் மண்ணிலும் ஒரு கன்று நடுங்கள். 25 ஆண்டுகளுக்கு முன் நம் சங்கம் நட்ட கல்விக் கன்றும் உடனே காய்க்கவில்லை. பொறுத்திருந்தோம், இன்று கனி காண்கின்றோம். நம் மண்ணில் நம் கையால் நட்ட மரம் காய்க்கும் நாளே நமக்குரிய கனிவிழா.