எர்ஸ்ட்வைல் மதுரை மாவட்டம்

அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி தென்படும் ஆங்கிலச் சொல் 'எர்ஸ்ட்வைல்'. முன்பு ஒரு நிலையில் இருந்து இப்போது அப்படி இல்லாததைக் குறிப்பது. தமிழில் 'முன்னாள்', அந்தக் காலப் பேச்சில் 'மாஜி'.

திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பர் 15-ல். அதற்கு முன் இங்கே பிறந்த எங்களுக்கெல்லாம் சான்றிதழில் மதுரை மாவட்டம்தான். மதுரை மாவட்டம் இன்றும் இருக்கிறது. பிரியாத அந்தப் பழைய மாவட்டம்தான் இல்லை. அதைச் சொல்லத்தான் 'எர்ஸ்ட்வைல் மதுரை'.

ஆனால் சரித்திரத்தைப் பாருங்கள். ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி 1792-ல் திப்பு சுல்தான் திண்டுக்கல்லைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். மதுரை கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது 1801-ல். அதற்கு முன்பே திண்டுக்கல்லுக்குக் கலெக்டர் உண்டு.

ஆக, 1985-ல் நமக்குக் கிடைத்தது புதுப் பதவி அல்ல. மாஜி பதவிதான் திரும்ப வந்தது.