பிழையையும் பேணியவர்கள்

பழைய கணனி விளையாட்டில் என்ன வரலாறு இருக்கிறது என்று நாம் கேட்கலாம்.

1993 டிசம்பர் 10ஆம் திகதி அமெரிக்காவில் வெளியான ‘டூம்’, டொஸ் கணனிகளுக்காக எழுதப்பட்டது. டொஸ் போனதும் அதுவும் போயிருக்கும். ஆனால் 1997இல் ஜோன் கார்மாக் அதன் மூலநிரலை வெளியிட்டார். 1999இல் அது ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வந்தது. ஆர்வலர்கள் அதைப் புதிய கணனிகளுக்கு ஏற்ப மாற்றினார்கள். இவற்றைத்தான் ‘சோர்ஸ் போர்ட்’ என்கிறோம். 1998இல் வந்த ‘பூம்’ பழைய வரம்புகளை நீக்கியது. பல பிழைகளையும் திருத்தியது.

2005இல் சைமன் ஹவர்ட் தொடங்கிய ‘சொக்லட் டூம்’ பிழைகளையும் அப்படியே வைத்தது. ஏன்?

டூமில் ஒருவரின் ஆட்டத்தைப் பதிவு செய்தால், அதில் படம் இருக்காது. அவர் கொடுத்த கட்டளைகள் மட்டுமே இருக்கும். நிரல் அவற்றை மீண்டும் நடத்திக் காட்டும். நடுவில் ஒரு சின்னப் பிழையைத் திருத்திவிட்டால் கணக்குத் தப்பும். அன்று வென்றவர் இன்று சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார்.

திருத்துவது நல்ல வேலைதான். ஆனால் திருத்துமுன், அந்தப் பிழையை நம்பி நிற்பது எது என்று பார்க்க வேண்டும். நாம் பழையவற்றைப் புதுப்பிக்கும்போது இதைக் கேட்கிறோமா?