லை-க்குத் துதிக்கை போன கதை

போன மாதம் பரணை ஒழித்தபோது என் பெற்றோரின் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. 1974-ல் அச்சடித்தது. இங்கேயே பிறந்து, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி புண்ணியத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் என் மகள் நாலாவது வரியில் நின்றுவிட்டாள். "அப்பா, இந்த எழுத்துக்கு ஏன் யானை மாதிரி தும்பிக்கை இருக்கு?"

அது 'லை'.

எங்கள் ஊர் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் (ஆந்திரா சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்). பெரியப்பா அங்கே ஒரு சின்ன அச்சகத்தில் கம்பாசிட்டர். தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் ஊர் என்பதால் இரண்டு பாஷையிலும் நோட்டீஸ் அடிப்பார்கள். அந்தப் பத்திரிகையும் அவர் கோர்த்ததுதான்.

கேஸ் என்பது சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்த மரத்தட்டு. அறைக்கு ஒரு ஈய எழுத்து. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மேல் தட்டில் இருந்ததால்தான் 'அப்பர் கேஸ்'. கோர்த்த வரிகளை இறக்கி வைக்கும் நீளத்தட்டு கேலி. அதிலிருந்து எடுப்பது கேலி புரூஃப் (கேலி இல்லை, நிஜம்). பக்கங்களை இரும்புச் சட்டத்தில் முடுக்கிப் பூட்டினால் பாரம். தூக்கிப் பார்த்தவருக்குப் பெயர்ப் பொருத்தம் புரியும். வரிகளுக்கு நடுவே செருகும் மெல்லிய ஈயத்தகடு லெட். கணினியில் வரி இடைவெளிக்கு இருக்கும் சொல்லை நான் பல வருஷம் 'லீடிங்' என்றே சொல்லி வந்தேன். ஈயம் என்று தெரிந்த பிறகுதான் 'லெடிங்' ஆனது.

தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம், 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்', 1578-ல் வெளிவந்தது இன்றைய கேரளத்தின் கொல்லத்தில்தான். நம் கேரளத் தமிழர்கள் இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிக்கொள்ளலாம்.

சரி, தும்பிக்கைக்கு வருவோம். கை, சை, தை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 'ை' வைத்தால் போதும். ணை, லை, ளை, னை நான்கு மட்டும் துதிக்கையோடு தனி வார்ப்பு. அதேபோல கா, சா, தாவுக்குத் துணைக்கால்; ணா, றா, னா மட்டும் சுழித்துக்கொண்டு தனி வார்ப்பு. பெரியார் 1935-லேயே 'குடியரசு' இதழில் இவற்றை மாற்றி அச்சிட்டார். தமிழ்நாட்டில் அரசாணை வந்தது 1978 அக்டோபரில், எம்.ஜி.ஆர். ஆட்சியில். மாறியவை 13 எழுத்து என்பார்கள். கேஸில் எண்ணினால் 7 அறைதான். மீதி ஆறும் (றொ, றோ வகை) அந்த மூன்றுக்கு முன்னால் கொம்பு வைத்தால் வந்துவிடும்.

மலையாளத்தில் வெட்டு இன்னும் ஆழம். அங்கே 'கு', 'கூ' எல்லாம் மெய்யோடு ஒட்டிய தனி வடிவங்கள், கூட்டெழுத்துகள் வேறு. 1971 ஏப்ரல் 15-ல் நடைமுறைக்கு வந்த லிபி சீர்திருத்தம் உகரக் குறிகளைப் பிரித்துத் தனியாக வைத்தது. ஏறக்குறைய 900 அச்சு வடிவங்கள் 90-க்குச் சுருங்கின என்பது அங்கே வழக்கமாகச் சொல்லும் கணக்கு. தமிழோ உகரத்தைத் தொடவே இல்லை. கு, சு, து, மு என்று 18 மெய்க்கும் குறில், நெடில் சேர்த்து 36 வடிவங்கள் இன்றும் அப்படியே. சனிக்கிழமைப் பள்ளியில் குழந்தைகள் தடுமாறுவது அந்த 36-ல்தான் என்பது என் அனுபவம். ஒரே கேஸ் ஸ்டாண்டின் முன்னால் நின்று இந்த இரண்டு வெட்டையும் பார்த்தவர் பெரியப்பா.

ஆணை வந்ததும் எழுத்து மாறிவிடவில்லை. ஈயத்தை யார் தூக்கிப் போடுவார்கள்? தேயும்வரை பழையதையே ஓட்டினார்கள். கடைசியில் 'லை' அறை காலியானபோது அதில் ஸ்பேஸ் கட்டைகளைப் போட்டுக்கொண்டாராம். 1990-களில் டிடிபி வந்து, கேஸ்கள் எடைக்குப் போயின. பெரியப்பாவும் வீட்டுக்கு வந்துவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அறைக்கணக்குத் தொல்லை இல்லாத கணினி வந்ததும் மலையாளத்தார் 1999-ல் 'ரசனா' இயக்கம் தொடங்கிப் பழைய லிபியை எழுத்துருவாக மீட்டுவிட்டார்கள். யூனிகோடில் பழைய லை-யும் புது லை-யும் ஒன்றேதான். துதிக்கை வேண்டுமா வேண்டாமா என்பது எழுத்துருவைப் பொறுத்தது.

மகளுக்கு அந்த ஏழையும் ஒரு தாளில் வரைந்து கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் பத்திரிகை முழுக்கப் படித்துவிட்டாள். கடைசி வரியில், பொடி எழுத்தில், அச்சகத்தின் பெயர் மலையாளத்தில் இருந்தது. 1971 தாண்டியும் பழைய லிபியில்.

"இது என்னப்பா?"

அதற்கு இன்னொரு தாள் எடுக்க வேண்டியதாயிற்று.