அம்பு பட்ட மானைத் தேடிக் கண்டடைதல்: வேட்டைக்காரரின் கடமையும் மார்க்கச் சட்டமும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் முஸ்லிம்களில் சிலர், இலையுதிர் காலத்தில் அரசின் அனுமதிச் சீட்டுடன் மான் வேட்டைக்குச் செல்கின்றனர். தாங்களே பிஸ்மில்லாஹ் சொல்லி வேட்டையாடிய ஹலாலான இறைச்சி வீட்டுக்கு வருகிறது என்பது அவர்களுக்கு மனநிறைவைத் தருகிறது. துப்பாக்கியை விட வில்லையே விரும்புகிறவர்களும் உண்டு. அங்கு பெரும்பாலும் வேட்டையாடப்படுவது வெள்ளை வால் மான்.

அம்பு விடுவது ஒரு நொடி வேலை. மானைக் கண்டுபிடிப்பது சில நேரங்களில் ஒரு பகலும் ஓர் இரவும் நீளும். மேரிலாண்ட் மாநிலத்தில் ஒரு கடற்படை வளாகத்தில் 1989 முதல் 2006 வரை நடந்த வில்வேட்டையை ஆய்வு செய்தபோது, அம்பு பட்ட மான்களில் சுமார் 18 சதவீதம் கைக்குக் கிடைக்கவில்லை என்று தெரியவந்தது. தொலைந்த மான் வீணாகும், வேதனையோடு சாகவும் நேரலாம். தாமதமாகக் கிடைக்கும் மானை உண்ணலாமா என்ற கேள்வியும் எழும். எனவே தேடும் முறையையும் அதற்கான மார்க்கச் சட்டத்தையும் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை தண்டனைக்குரிய குற்றம். இக்கட்டுரை, வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாடுகளில் வாழ்வோருக்கானது.

அடிப்படைச் சட்டம்

வேட்டைப் பிராணி நம் பிடியில் இல்லாததால், கழுத்தை அறுப்பதற்குப் பதிலாக அதன் உடலில் ஏற்படுத்தும் காயமே அறுப்பாகக் கொள்ளப்படுகிறது. அம்பை விடும்போதே அல்லாஹ்வின் பெயரைச் சொல்ல வேண்டும். கூர்மையான பகுதி குத்திக் கிழித்துக் கொன்றிருக்க வேண்டும். மொட்டையான பகுதி மோதிய அடியில் செத்திருந்தால் அது அடித்துக் கொல்லப்பட்ட பிராணி. அதை உண்ணக் கூடாது.

இந்தச் சட்டங்களை நமக்குப் பெற்றுத் தந்தவர்களில் முக்கியமானவர் அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள். கொடைக்குப் பெயர்பெற்ற ஹாத்திம் தாயியின் மகன். அவர் நபி (ஸல்) அவர்களிடம் வேட்டை பற்றிக் கேட்ட கேள்விகள் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளன. அம்பு பட்ட பிராணி மறைந்துபோய் ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துக் கிடைத்தால், அதன் உடலில் தன் அம்பின் தடம் தவிர வேறு தடம் இல்லையென்றால் உண்ணலாம் என்றும், தண்ணீரில் விழுந்து கிடந்தால் உண்ணக் கூடாது என்றும் நபியவர்கள் விளக்கினார்கள். கொன்றது தண்ணீரா அம்பா என்று தெரியாது என்பதே காரணம்.

அபூ ஸஃலபா (ரலி) அவர்களின் அறிவிப்பில், மூன்று நாள் கழித்துக் கிடைத்தாலும் துர்நாற்றம் வீசாதவரை உண்ணலாம் என்று வருகிறது.

ஆக, மார்க்கம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதைக் கொன்றது உன் அம்புதானா? கீழே சொல்லப்படும் ஒவ்வொரு தடயமும் அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடித் தருகிறது.

அம்பு விட்ட முதல் நிமிடங்கள்

அம்பு இரத்தக் குழாய்களை வெட்டி, இரத்தம் வெளியேறச் செய்து கொல்கிறது. அதனால் சரியான இடத்தில் அம்பு பட்ட மானும் நின்ற இடத்தில் விழாமல் ஓடும். இரண்டு நுரையீரல்களும் துளைக்கப்பட்டால் பெரும்பாலும் சில நொடிகளில், நூறு மீட்டர் அளவிலான ஓட்டத்துக்குள் விழுந்துவிடும்.

உடனே இறங்கி ஓடக் கூடாது. அசையாமல் இருந்து மூன்றைக் கவனிக்க வேண்டும்: அம்பு பட்டபோது மான் நின்ற இடம், அது நடந்துகொண்ட விதம், கடைசியாகக் கண்ணில் பட்ட இடம். குறிப்பிட்ட மரத்தையோ பாறையையோ அடையாளமாக மனதில் பதிக்க வேண்டும். மரத்தின் மேலிருந்து பார்க்கும் காடு, கீழே இறங்கியதும் வேறு மாதிரி தெரியும்.

பின்னங்கால்களை உயரே உதைத்துத் தலைதெறிக்க ஓடினால் அம்பு நெஞ்சுப் பகுதியில் பட்டிருக்க வாய்ப்பு அதிகம். முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாக நடந்து போனால் வயிற்றில் பட்டிருக்கலாம்.

அம்பும் இரத்தமும் சொல்வது

மான் நின்ற இடத்துக்குச் சத்தமின்றிச் சென்று அம்பைத் தேட வேண்டும். அதில் படிந்திருப்பதைக் கொண்டு எந்த உறுப்பில் பட்டது என்று ஓரளவு கணிக்கலாம்.

- நுரை குமிழிகளுடன் இளஞ்சிவப்பு இரத்தம்: நுரையீரல்.
- பளிச்சென்ற சிவப்பு: இதயம் அல்லது பெரிய இரத்தக் குழாய். தசையில் மட்டும் பட்டாலும் இந்த நிறமே இருக்கும்.
- கருஞ்சிவப்பு: ஈரல்.
- பச்சை அல்லது பழுப்பு நிறக் கசடும் நாற்றமும்: இரைப்பை அல்லது குடல்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது?

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்குதான். காயப்பட்ட மானை யாரும் துரத்தாவிட்டால், அது சற்றுத் தொலைவில் மறைவான இடத்தில் படுத்துக்கொள்ளும். படுத்த இடத்திலேயே உயிர் பிரியும். அவசரப்பட்டு எழுப்பிவிட்டால், மிச்ச பலத்தையெல்லாம் திரட்டி வெகுதூரம் ஓடும். அப்போது இரத்தத் தடமும் குறைந்துவிடும்.

அனுபவசாலிகள் சொல்லும் பொதுக் கணக்கு இது: விழுந்ததைக் கண்ணால் பார்க்காதபோது, நுரையீரல் அல்லது இதயத்தில் பட்டிருந்தால் குறைந்தது அரை மணி நேரம், ஈரல் என்றால் 4 முதல் 6 மணி நேரம், வயிறு, குடல் என்றால் 8 முதல் 12 மணி நேரம்.

மழை வந்தால் இரத்தத் தடம் அழிந்துவிடும். வெப்பமான இரவில் இறைச்சி கெட்டுவிடும். கொயோட்டி எனப்படும் காட்டு நாயினம் உலவும் பகுதியில் அது மானை முதலில் கண்டுபிடித்துவிடக் கூடும். இவற்றையும் கணக்கில் கொண்டே முடிவெடுக்க வேண்டும்.

தடத்தைப் பின்தொடர்தல்

தடத்தின் மேல் நடக்காமல் அதன் ஓரமாக நடக்க வேண்டும். இரத்தம் கண்ட ஒவ்வோர் இடத்திலும் காகிதத் துண்டையோ வண்ண நாடாவையோ கட்டி வர வேண்டும். திரும்பிப் பார்த்தால் அந்த அடையாளங்கள் மான் போன திசையைக் காட்டும். வேலை முடிந்ததும் அவற்றை அகற்றிவிட வேண்டும்.

இரத்தம் தரையில் மட்டும் இருக்காது. மானின் விலா உரசிய செடிகளிலும், இடுப்பு உயரப் புற்களிலும், இலையின் அடிப்பக்கத்திலும் இருக்கும். இலையுதிர் காலத்தில் இலைகளிலேயே சிவப்புப் புள்ளிகள் இருக்கும். சந்தேகம் வந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தெளித்துப் பார்ப்பார்கள். இரத்தமாக இருந்தால் நுரைக்கும்.

இருவர் அல்லது மூவர் போதும். ஒருவர் கடைசி இரத்தத் துளியருகே நிற்க, மற்றவர் அடுத்த துளியைத் தேட வேண்டும். கூட்டமாகப் போனால் தடம் மிதிபட்டு அழியும்.

தடம் அறுந்தால்

கடைசித் துளியிலிருந்து சிறு வட்டங்களாகத் தொடங்கி, வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே தேட வேண்டும். குளம்புகள் ஆழமாகப் பதிந்த மண், கலைந்த சருகு, புதர்களின் உட்பகுதி, ஓடைக்கரை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வயிற்றில் அடிபட்ட மான் தண்ணீரை நாடிச் செல்வது வழக்கம். தண்ணீரில் கிடந்த பிராணி பற்றிய நபிமொழியை இங்கே மறந்துவிடக் கூடாது.

அடுத்த வழி மோப்ப நாய். ஜெர்மனியில் இதற்கென்றே பவேரிய மலை நாய் என்ற இனத்தை வளர்த்தெடுத்தார்கள். அமெரிக்காவிலும் பல மாநிலங்களில் கயிற்றில் பிடித்த மோப்ப நாயுடன் தேட அனுமதி உண்டு. வெப்பத்தைக் காட்டும் ட்ரோன்களைச் சில மாநிலங்கள் அனுமதிக்கின்றன, சில தடை செய்கின்றன. தடம் அடுத்தவர் நிலத்துக்குள் சென்றால் உரிமையாளரிடம் அனுமதி பெற்றே நுழைய வேண்டும்.

கண்டுபிடித்த பின்

விழுந்து கிடக்கும் மானைப் பின்புறமாக நெருங்கி, நீண்ட குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இமை அசைந்தால் உயிர் இருக்கிறது. இன்னும் தப்பி ஓடும் நிலையில் இருந்தால் பிஸ்மில்லாஹ் சொல்லி மற்றோர் அம்பு விட வேண்டும். தப்ப முடியாமல் நம் பிடிக்குள் வந்துவிட்டால், கூரிய கத்தியால் முறைப்படி அறுக்க வேண்டும். கொம்பும் கால்களும் ஆபத்தானவை என்பதால் கவனம் தேவை.

இறந்து கிடந்தால் உடலை முழுவதும் பார்வையிட வேண்டும். அம்புக் காயம் மட்டும்தானா? வேறு விலங்கின் கடித்தடம் உண்டா? மேட்டிலிருந்து உருண்டு விழுந்ததா? வேறொன்று கொன்றிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் உண்ணக் கூடாது. சந்தேகம் இல்லையெனில் உடனே குடலை அகற்றி உடலைக் குளிர்விக்க வேண்டும். 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் கிருமிகள் வேகமாகப் பெருகும்.

மத்ஹபுகளின் நிலைப்பாடு

தமிழ் முஸ்லிம்களில் ஷாஃபிகளும் ஹனஃபிகளும் இருப்பதால் இதையும் தெரிந்துகொள்வது நல்லது. காயப்பட்டு மறைந்து, பிறகு இறந்த நிலையில் கிடைத்த பிராணி ஹனஃபி மத்ஹபில் கூடும். ஆனால் இடையில் தேடுவதைக் கைவிட்டிருக்கக் கூடாது என்பது நிபந்தனை.

ஷாஃபி மத்ஹபில், அத்தகைய பிராணி கூடாது என்பதே வலுவான கருத்தாக இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் உள்ளது. அதே இமாம், ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில், கூடும் என்ற கருத்தே ஆதாரப்பூர்வமான ஹதீஸ்களுக்கு நெருக்கமானது என்று எழுதியுள்ளார்கள். கண்ணெதிரே உயிர்போகும் நிலையை அடைந்த பிறகு மறைந்த மானுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

மேலே சொன்ன காத்திருப்பு தேடலின் ஒரு பகுதியா, தேடலைக் கைவிட்டதா? இரவில் காத்திருந்து காலையில் கண்டெடுத்த மானின் சட்டம் என்ன? இவற்றை வேட்டைக்குப் போகும் முன்பே தம் பகுதி ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெற்றுக்கொள்ள வேண்டும்.

இத்தனை சிரமத்தையும் குறைக்கும் வழி ஒன்றுண்டு. தூரம் அதிகமாக இருந்தாலோ, மான் நேராகப் பார்த்து நின்றாலோ, வெளிச்சம் குறைந்துவிட்டாலோ வில்லைத் தாழ்த்திவிட வேண்டும். கொல்லும்போதும் அழகிய முறையைக் கையாள வேண்டும் என்பது நபிவழி. உயிருள்ளதைக் குறிபார்க்கும் பொருளாக்குவதையும் நபியவர்கள் தடுத்துள்ளார்கள். அம்பு விட்டுவிட்டால், அந்த மானைத் தேடி முடிக்கும்வரை வேட்டைக்காரரின் பொறுப்பு தீர்வதில்லை.