அழுகலில் பெற்ற பெயர்

வடநாட்டில் குடியிருக்கும் நாம் தை மாதத்து விடியலில் ஒரு காட்சியைக் கண்டிருப்போம். உறைபனி படிந்த இரவுக்குப் பின் தக்காளிச் செடி கருகிக் கிடக்கும். அருகே கோதுமைப் பயிரோ பசுமை மாறாது நிற்கும். பயிர்கள் குளிரைத் தாங்குவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, இழிந்த பெயரைச் சுமந்த ஒரு பொருளின் வரலாற்றில் அடங்கியுள்ளது.

1885ஆம் ஆண்டில் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் பிரீகர் அழுகிய இறைச்சியில் ஒரு பொருளைக் கண்டு பிரித்தெடுத்தார். அழுகலைக் குறிக்கும் லத்தீன் சொல்லைக்கொண்டு அதற்குப் 'புட்ரெஸ்ஸின்' என்று பெயரிட்டார். பிணவாடை வீசும் பொருளுக்கும் பசும்பயிருக்கும் உறவு உண்டென அன்று எவர் நினைத்திருப்பர்?

1952இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட்ஸ், கோல்மன் என்னும் இருவர், பொட்டாசியம் சத்துக் குன்றிய பார்லிப் பயிரில் இப்பொருள் மிகுந்திருத்தலைக் கண்டனர். 1982இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ளோரஸ், கால்ஸ்டன் இருவரும் ஓட்ஸ் இலைகளை, அவற்றின் நீரை வெளியே இழுக்கும் கரைசலில் இட்டனர். சில மணி நேரத்திற்குள் புட்ரெஸ்ஸின் பன்மடங்கு பெருகிற்று.

இப்பெருக்கம் நலிவின் அடையாளமா, அன்றித் தற்காப்பா? இவ்வினாவுக்கு விடை தந்த ஆய்வுகளுள் ஒன்று 2008இல் வெளியாயிற்று. கடுகின் இனத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில், புட்ரெஸ்ஸினை ஆக்கும் திறன் குன்றிய வகைகள் உறைகுளிரில் எளிதில் நலிந்தன. அப்பொருளை வெளியிலிருந்து ஊட்டியபோது அந்நலிவு குறைந்தது. ஆகவே அது தற்காப்பே எனத் தெளிவாயிற்று.

புட்ரெஸ்ஸினையும், அதன் வழியே உண்டாகும் ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் ஆகியவற்றையும் பாலிஅமீன்கள் என்பர். உயிரணுவினுள் இவை நேர் மின்னேற்றம் உடையவை. எனவே எதிர் மின்னேற்றமுடைய உயிரணுச் சவ்வோடும் மரபுப்பொருளோடும் இணைந்து, அவை சிதையாவண்ணம் துணை நிற்கின்றன. குளிரில் மட்டுமன்றி, வறட்சியிலும் உவர்நிலத்திலும் இத்துணை பயிருக்கு வேண்டப்படுகிறது.

அளவு மீறின் இப்பொருளே பயிருக்கு ஊறு செய்யும். ஆதலின் இதனை அருமருந்தென்று கொண்டாடுதற்கில்லை. ஆயினும், சொல்லை நம்பி வாழும் மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு இவ்வரலாறு ஒரு பாடம். ஒரு பொருளை முதலில் எங்கே கண்டோம் என்பதைப் பெயர் சொல்லும். அது யாருக்கு எவ்வாறு உதவும் என்பதைக் காலமே சொல்லும்.